படை மாறினால் ரிப்பன்கள் என்ன ஆகும்? சீருடையில் பதக்கம் அணியும் விதிகள் குறித்து ஒரு விவாதம்

டல்லாஸ் அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ராணுவச் சீருடை, பதக்கங்கள் பற்றி விவரம் அறிந்தவர்கள் சிலர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். என் மகள் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிவிட்டு வெளியே வந்து, கல்லூரிப் படிப்பை முடித்தபின் டெக்சாஸ் மாநிலத் தரைப்படை நேஷனல் கார்டில், அதாவது மாநில அளவிலான பகுதிநேரத் தரைப்படையில், சேர்ந்திருக்கிறாள். அவளுடைய படைப்பிரிவு நடத்தும் ஒரு விருந்துக்கு முழுச் சீருடையில் போக வேண்டியிருப்பதால், கடற்படையில் பெற்ற ரிப்பன்களை, அதாவது பதக்கத்துக்குப் பதிலாக மார்பில் குத்தும் சிறு வண்ணத் துணிப்பட்டைகளை, தரைப்படைச் சீருடையில் எப்படி அடுக்குவது என்ற கேள்வி வீட்டில் எழுந்திருக்கிறது. முடிவாக அவள் தன் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத்தான் அணிவாள் என்றாலும், ரிப்பன்களை இத்தனை காலம் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்கும் அதன் கணக்குப் புரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

கடற்படைச் சீருடையில் அவளுக்கு ஏழு ரிப்பன்கள் இருந்தன. மேலிருந்து கீழாகச் சொன்னால், கடற்படை-மரைன் பாராட்டுப் பதக்கம், கடற்படைப் பிரிவுப் பாராட்டு, கடற்படை நன்னடத்தைப் பதக்கம், தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம், பயங்கரவாதத்துக்கு எதிரான போருக்கான சேவைப் பதக்கம், ஒரு வெண்கல நட்சத்திரம் பதித்த கடற்பயணப் பணி ரிப்பன், கடைசியாகக் கைத்துப்பாக்கி சுடுவதில் நிபுணர் நிலைக்கான பதக்கம். நேஷனல் கார்டில் சேர்ந்தபின் தரைப்படைச் சாதனைப் பதக்கமும் தரைப்படைச் சேவை ரிப்பனும் கிடைத்திருக்கின்றன. இப்போது அவள் தரைப்படைக்காரி என்பதால், தரைப்படை கொடுத்த இரண்டையும் மேலே வைத்து, கடற்படை கொடுத்த ஏழையும் அதே வரிசையில் கீழே வைத்தால் சரியாக இருக்குமா?

எஸ்-ஒன் மேசை எழுதியது:

வணக்கம் ஐயா. தரைப்படையில் ஆள்நிர்வாக மேசையில் இருந்தவன் நான். உங்கள் மகளைப் போல வேறு படையிலிருந்து வந்தவர்களின் கோப்புகளைப் பார்ப்பதே பல நாள் என் வேலையாக இருந்தது. நீங்கள் சொல்லும் அடுக்கு சரியாக வராது. அதில் மூன்று இடங்களில் சிக்கல் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பதக்கத்தை எந்தப் படை கொடுத்தாலும், அதை அணியும் முறையை இப்போது உடுத்தியிருக்கும் சீருடைக்கு உரிய படைதான் தீர்மானிக்கிறது. ஆகவே உங்கள் மகளுக்கு இனி கடற்படையின் சீருடை விதிநூல் பொருந்தாது. தரைப்படையின் ஏஆர் 670-1 என்ற விதிநூலும், அதே எண்ணைத் தாங்கிய அதன் துணைநூலும், விருதுகளுக்கான ஏஆர் 600-8-22 என்ற நூலுமே அவருக்குப் பொருந்தும். பிற படைகள் கொடுத்த பதக்கங்களையும் ரிப்பன்களையும் தரைப்படை பெருமளவு ஏற்றுக்கொள்கிறது, மறுப்பவை சிலவே.

அந்தச் சிலவற்றில் ஒன்று உங்கள் பட்டியலில் இருக்கிறது. கடற்படை, வான்படை ஆகியவை குறிபார்த்துச் சுடுவதற்காகக் கொடுக்கும் பதக்கங்களையும் ரிப்பன்களையும் தரைப்படைச் சீருடையில் அணியக்கூடாது. நான்கு ஆண்டுச் சேவைக்கு ஒரு முறை வான்படை கொடுக்கும் நீள்சேவை ரிப்பனுக்கும் இதே தடை உண்டு. ஆகவே கைத்துப்பாக்கிப் பதக்கம் பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல் கடற்படைப் பிரிவுப் பாராட்டு. தனி ஆளுக்குக் கொடுக்கப்படாமல் கப்பலுக்கோ படைப்பிரிவுக்கோ மொத்தமாகக் கொடுக்கப்படும் விருது அது. கடற்படை, மரைன், வான்படை ஆகியவற்றில் இதுவும் மற்ற ரிப்பன்களோடு இடப்பக்க மார்பிலேயே அதற்குரிய இடத்தில் வரும். தரைப்படையில் மட்டும் பிரிவு விருதுகள் எல்லாம் வலப்பக்க மார்புக்குப் போய்விடும். அங்கே தரைப்படையின் பிரிவு விருதுகளுக்குப் பொன்னிறச் சட்டம் உண்டு. கடற்படைப் பிரிவுப் பாராட்டுக்குச் சட்டம் கிடையாது. கடையில் சட்டம் போட்டுத் தருகிறோம் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டம் உள்ளதும் இல்லாததும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், அதில் தவறில்லை.

மூன்றாவது, தரைப்படையினுடையது என்பதற்காகவே எதுவும் மேலே ஏறிவிடாது. முதலில் பார்ப்பது விருதின் படிநிலையை; ஒரே படிநிலையில் பல படைகளின் விருதுகள் இருக்கும்போதுதான் சொந்தப் படையினுடையது முந்தும். பாராட்டுப் பதக்கம் என்ற படிநிலையில் முதலில் கூட்டுப்படைப் பாராட்டுப் பதக்கமும், அடுத்துத் தரைப்படையுடையதும், அதற்குப் பின் கடற்படை-மரைன், வான்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றினுடையவையும் வரும். இவை அனைத்துக்கும் கீழேதான் சாதனைப் பதக்கம் என்ற படிநிலையே தொடங்குகிறது. எனவே கடற்படை கொடுத்த பாராட்டுப் பதக்கம் தரைப்படை கொடுத்த சாதனைப் பதக்கத்துக்கு மேலேதான் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

டல்லாஸ் அப்பா எழுதியது:

விரிவான பதிலுக்கு மிக்க நன்றி. பிரிவு விருது வலப்பக்கம் போவதும், பாராட்டுப் பதக்கம் மேலே இருப்பதும் புரிந்தது. கைத்துப்பாக்கிப் பதக்கத்தைக் கழற்றச் சொல்வதைத்தான் மனம் ஏற்க மறுக்கிறது. நன்னடத்தைக்காகக் கொடுத்ததை ஏற்றுக்கொள்ளும் தரைப்படை, கையில் இருக்கும் திறமைக்காகக் கொடுத்ததை ஏன் மறுக்க வேண்டும்? கப்பலில் சென்றதற்கான ரிப்பனைக்கூட அணியலாம் என்கிறீர்கள்; தரைப்படைக்குக் கப்பலோடு என்ன தொடர்பு? நியாயமாகப் பார்த்தால் ஒரு சிப்பாய்க்குக் கடற்பயணத்தைவிடச் சுடும் திறமைதானே நெருக்கமானது?

எஸ்-ஒன் மேசை எழுதியது:

கேள்வி நியாயமானது. விதிநூல் காரணம் சொல்வதில்லை, விதியை மட்டுமே சொல்கிறது. ஆகவே இனி நான் சொல்வது என் சொந்தக் கருத்து.

ஒரே செயலை ஒவ்வொரு படையும் ஒவ்வொரு வகையில் அடையாளம் காட்டுகிறது. சுடும் திறமைக்குத் தரைப்படை ரிப்பன் கொடுப்பதே இல்லை. சிலுவை வடிவில் ஒரு பேட்ஜைக் கொடுத்து, எந்த ஆயுதத்தில் தேறினார் என்பதை அதன் கீழே சிறு பட்டையாகத் தொங்கவிடுகிறது. உங்கள் மகள் தரைப்படையின் சுடுதல் தேர்வில் தேறினால் அந்த பேட்ஜை அணிவார். நீள்சேவைக்கும் இதே கதைதான்: வான்படையில் அது ரிப்பன், தரைப்படையிலோ மூன்று ஆண்டுக்கு ஒன்றாகச் சட்டைக் கையில் தைக்கும் பட்டை. ஏற்கெனவே தன்னிடம் ஓர் அடையாளம் இருக்கும் ஒன்றுக்குப் பிற படையின் ரிப்பனையும் அனுமதித்தால், ஒரே விஷயம் ஒரே சீருடையில் இரண்டு இடங்களில் பேசும். கடற்பயணத்துக்கு இணையான எதுவும் தரைப்படையிடம் இல்லாததால் அந்த ரிப்பன் தப்பிவிடுகிறது. இப்படித்தான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

மரைன் படை இதைவிடக் கறார். தரைப்படையிலிருந்தோ வான்படையிலிருந்தோ அங்கே போகிறவர்கள், பயிற்சி முடித்ததற்கும் சேவைக்காலத்துக்கும் வாங்கிய ரிப்பன்கள் பலவற்றைக் கழற்றிவிட்டுத்தான் மரைன் சீருடை உடுத்த முடியும். அணிய முடியாததால் அந்த விருது பறிபோய்விட்டது என்று எண்ண வேண்டாம். கடற்படையிலிருந்து விடுபட்டபோது கொடுத்த டிடி 214 ஆவணத்தில் அந்தப் பதக்கம் பதிவாகியிருக்கும், பதிவாகியே இருக்கும். வீட்டுச் சுவரில் கண்ணாடிப் பேழையில் எல்லாவற்றையும் சேர்த்து வைப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.

சும்மா ஒரு வாசகன் எழுதியது:

மன்னிக்கவும், வெளியிலிருந்து ஒரு கருத்து. ஒன்றேமுக்கால் விரல் அகலத் துணித்துண்டு இடப்பக்கம் இருக்கிறதா வலப்பக்கம் இருக்கிறதா என்பதற்கு இத்தனை நூல்களா? போரில் நின்றவருக்கு மரியாதை செய்தால் போதாதா? ஒரு ரிப்பன் இடம் மாறியிருந்தால் யாருக்கு என்ன நட்டம்?

பதக்கப் பெட்டி எழுதியது:

நண்பருக்கு, நான் பதக்கங்கள் சேகரிப்பவன், படையில் இருந்தவன் அல்லன்; ஆகவே எனக்கும் தொடக்கத்தில் இந்த எண்ணம் இருந்தது. ஆனால் ஓர் அதிகாரியின் மார்பைப் பார்த்த மாத்திரத்தில், அவர் எங்கே இருந்தார், எத்தனை முறை போனார், என்ன செய்தார் என்பதை அறிந்த கண்கள் படித்துவிடும். வரிசையும் சின்னங்களும் ஒரே ஒழுங்கில் இருந்தால்தான் அப்படிப் படிக்க முடியும். கால் அங்குல உயரமுள்ள ஓர் எழுத்துச் சின்னம்கூட அங்கே ஒரு கூற்று.

அது எவ்வளவு கனமான கூற்று என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. அமெரிக்கக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்த அட்மிரல் ஜெரமி பூர்டா, வியட்நாம் காலத்தில் பெற்ற இரண்டு பதக்கங்களின் ரிப்பன்களில், போர்க்களத்தைக் குறிக்கும் ‘வி’ எழுத்துச் சின்னத்தைப் பல ஆண்டுகள் அணிந்திருந்தார். அதற்கு அவர் உரியவர்தானா என்ற ஐயம் எழுந்தபின் அவற்றைக் கழற்றியும்விட்டார். ஆயினும் ஒரு செய்தி இதழ் அதைப் பற்றிக் கேள்வி கேட்க வரவிருந்த நாளில், 1996 மே 16 அன்று, அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வியட்நாம் போரின்போது அங்கே கடற்படையை நடத்திய அட்மிரல் சும்வால்ட், பூர்டா அந்தச் சின்னங்களை அணிந்தது பொருத்தமே என்று பின்னர் எழுதிக் கொடுத்தார். ஆவணங்களைத் திருத்தும் வாரியமோ அவருக்கு அந்த உரிமை இல்லை என்று முடிவு செய்தது. கப்பற்படையின் மிக உயர்ந்த பதவியில் இருந்தவரின் தகுதியைப் பற்றியே, விதியை அறிந்த இரு தரப்பும் இருவேறு முடிவுக்கு வந்தன என்றால், ‘யாருக்கு என்ன நட்டம்’ என்று எளிதாகக் கடந்துவிட முடியாது.

பெறாத பதக்கத்தைப் பெற்றதாகப் பொய் சொல்வது வேறு கதை. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பொய்யையே குற்றமாக்கியது; 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அது பேச்சுரிமைக்கு முரணானது என்று அதைத் தள்ளுபடி செய்தது; 2013இல் வந்த புதிய சட்டம், அந்தப் பொய்யால் பணமோ வேறு ஆதாயமோ பெற முயல்வதைக் குற்றமாக வரையறுத்தது. நாம் பேசிக்கொண்டிருப்பது அதைப் பற்றி அல்ல என்பதால் இதோடு நிறுத்துகிறேன்.

வெலிங்டன் சுபேதார் எழுதியது:

அமெரிக்க விதிகளைப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பாக இருக்கிறது. நான் நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் சென்டரில் பயிற்சி பெற்று, பணி ஓய்வு பெற்றவன். எங்கள் நாட்டில் முப்படைக்கும் ஒரே முன்னுரிமைப் பட்டியல். தரைப்படைக்காரருக்கு ஒரு வரிசை, கடற்படைக்காரருக்கு வேறு வரிசை என்ற பேச்சே இல்லை.

பரம்வீர் சக்கரம், மகாவீர் சக்கரம், வீர் சக்கரம் ஆகிய மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டவை; மூன்றும் முப்படைக்கும் பொது. இதுவரை பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரில் விமானப்படையைச் சேர்ந்தவர் நிர்மல் ஜித் சிங் செகோன் ஒருவர்தான், மற்ற அனைவரும் தரைப்படை. அதற்காகப் பதக்கமோ ரிப்பனோ மாறவில்லை, அதே ஊதா ரிப்பன்தான். அமெரிக்காவில் மிக உயர்ந்த வீரப் பதக்கத்துக்கே தரைப்படைக்கு ஒரு வடிவம், கடற்படைக்கு ஒரு வடிவம், வான்படைக்கு ஒரு வடிவம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். படைக்குப் படை வேறுபடுவது எங்களிடம் ஒரு படி கீழேதான். சேனா பதக்கம், நௌசேனா பதக்கம், வாயுசேனா பதக்கம் ஆகிய மூன்றும் 1960இல் வந்தவை. முதலாவதற்குச் சிவப்பு ரிப்பனில் நடுவே வெள்ளைக் கோடு, இரண்டாவதற்குக் கருநீலத்தில் வெள்ளைக் கோடு, மூன்றாவதற்குச் சாம்பலும் ஆரஞ்சும் மாறி மாறி வரும் சாய்கோடுகள். பார்வைக்கு வேறு வேறு என்றாலும் பட்டியலில் மூன்றுக்கும் ஒரே இடம்.

அதற்காக எங்களிடம் சர்ச்சையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பட்டியலில் பரம் விசிஷ்ட சேவா பதக்கம் மகாவீர் சக்கரத்துக்கு மேலே இருக்கிறது. முதலாவது, பெரும்பாலும் மூத்த அதிகாரிகளின் மிகச் சிறந்த பணிக்காகக் கொடுக்கப்படுவது; இரண்டாவது, பகைவனுக்கு எதிரே நின்று காட்டிய வீரத்துக்கானது. பத்ம விபூஷணும் பத்ம பூஷணும்கூட மகாவீர் சக்கரத்துக்கு மேலே வருகின்றன. பட்டியல் அரசாங்கத்துடையது, அதன்படிதான் அணிய வேண்டும், நானும் அப்படித்தான் அணிந்தேன். ஆனாலும் குண்டு பாயும் இடத்தில் நின்றவனின் ரிப்பனுக்கு மேலே வேறொன்று இருப்பது எனக்கு உவப்பாக இல்லை என்பதை ஓய்வு பெற்றபின் சொல்லலாம் அல்லவா?

தைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பல ரிப்பன்கள் இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் திருப்பித் தைத்தாலும் தெரியாது. மகாவீர் சக்கரத்தின் ரிப்பன் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் சக்கரத்துடையது பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. இரண்டிலும் ஆரஞ்சுப் பாதி அணிபவரின் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும். எதிரே நின்று பார்க்கும் தையல்காரருக்கு அது வலப்பக்கமாகத் தெரிவதால், சொல்லிக் கொடுக்காவிட்டால் மாற்றித் தைத்துவிடுவார்.

எஸ்-ஒன் மேசை எழுதியது:

சுபேதார் ஐயாவின் மனக்குறை இங்கேயும் உண்டு. தரைப்படையின் மேன்மைச் சேவைப் பதக்கம், அதாவது தளபதிகள் நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது, வீரத்துக்கான சில்வர் ஸ்டாருக்கு மேலே இருக்கிறது. அதற்கும் மேலே உள்ள மேன்மைச் சேவைச் சிலுவை தரைப்படையுடையது. அதற்கு நிகராக நேவி கிராஸ், வான்படைச் சிலுவை, கடலோரக் காவல்படைச் சிலுவை ஆகியவை ஒரே படிநிலையில் நிற்கின்றன. உங்கள் சேனா, நௌசேனா, வாயுசேனா வரிசையை நினைவூட்டும் அமைப்பு இது.

வரிசை காலத்தோடு மாறுவதும் உண்டு. போரில் காயமுற்றவர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட் முன்பு இன்னும் கீழே இருந்தது. 1985இல் அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டு, அதை வெண்கல நட்சத்திரப் பதக்கத்துக்கு (புரோன்ஸ் ஸ்டார்) அடுத்த இடத்துக்கு உயர்த்தியது. பழைய புகைப்படத்தைப் பார்த்து ரிப்பன் அடுக்குகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

பர்மா வீரர் பேத்தி எழுதியது:

சுபேதார் ஐயாவிடம் ஒரு கேள்வி. என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனையில் இருந்தவர். அவருடைய பதக்கங்கள் ஐந்து, ரிப்பன் நைந்த நிலையில் வீட்டில் இருக்கின்றன: 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், டிஃபென்ஸ் மெடல், வார் மெடல், இந்தியா சர்வீஸ் மெடல். புதிய ரிப்பன் வாங்கி, அவருடைய நினைவு நாளில் அம்மா அவற்றை அணிய விரும்புகிறார். அணியலாமா, எந்த வரிசையில் அணிய வேண்டும்?

வெலிங்டன் சுபேதார் எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மறைந்த வீரரின் பதக்கங்களைக் குடும்பத்தார் அணியும்போது வலப்பக்க மார்பில் அணிவதுதான் பிரிட்டனிலும் அந்த மரபில் வந்த நாடுகளிலும் நிலைத்திருக்கும் வழக்கம். இடப்பக்கம் என்பது அதைத் தானே ஈட்டியவருடையது. வலப்பக்கம் பார்த்தவுடனே, இவர் வேறொருவரை நினைவுகூர்கிறார் என்பது விளங்கிவிடும். அணியும்போது முழுப் பதக்கங்களாகவே அணியச் சொல்லுங்கள். ரிப்பன் மட்டும் அணிவது சீருடைக்காரர்களின் அன்றாடத்துக்கானது.

நீங்கள் எழுதியிருக்கும் வரிசையே சரியானது. அதை அணிபவரின் வலமிருந்து இடமாக அமையுங்கள். அதாவது 1939-45 ஸ்டார் எதிரே நிற்பவரின் பார்வைக்கு இடக்கோடியில் இருக்க வேண்டும்.

பதக்கப் பெட்டி எழுதியது:

பேத்திக்கு ரிப்பன் வாங்கும்போது உதவக்கூடிய ஒரு செய்தி. 1939-45 ஸ்டாரின் ரிப்பனில் மூன்று சம அகலப் பட்டைகள் உண்டு: கருநீலம் கடற்படைக்கு, சிவப்பு தரைப்படைக்கு, வெளிர்நீலம் வான்படைக்கு. முப்படையும் ஒரே துணியில் இருப்பதால், தரைப்படைக்காரர் என்ற காரணத்தால் சிவப்பு மாறாது, கடற்படைக்காரருக்கென்று தனி ரிப்பனும் கிடையாது. ஆனால் இது இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாத ரிப்பன். கருநீலப் பட்டை அணிபவரின் இடது தோளிலிருந்து தொலைவில் இருக்க வேண்டும், அதாவது எதிரே நிற்பவரின் பார்வைக்கு இடப்பக்கம். பிரிட்டனின் மூத்த படை கடற்படை என்பதால் அதற்கு முதலிடம். இணையத்தில் விற்பவர்கள் அடுக்கித் தரும் பதக்கத் தொகுப்புகளில் இது தலைகீழாக இருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். வந்தவுடன் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

பர்மா ஸ்டாருக்கு இந்தக் கவலை இல்லை. நடுவில் அகலமான சிவப்பு, அதன் இருபுறமும் கருநீலத்தின் இடையே மெல்லிய ஆரஞ்சுக் கோடு; எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். உங்கள் தாத்தாவின் பர்மா ஸ்டார் ரிப்பனில் ‘பசிபிக்’ என்று எழுதிய ஒரு சிறு பட்டை இருந்தால் அதைத் தவறவிட வேண்டாம். ஒருவருக்கு பர்மா ஸ்டார், பசிபிக் ஸ்டார் இரண்டையும் கொடுக்க மாட்டார்கள். முதலில் எதற்குத் தகுதி பெற்றாரோ அதைக் கொடுத்து, மற்றதற்குப் பட்டை மட்டும் சேர்ப்பார்கள்.

சான் ஆன்டோனியோ வான்படைக்காரன் எழுதியது:

பட்டை, நட்சத்திரம் என்று பேச்சு வந்துவிட்டதால், டல்லாஸ் ஐயாவுக்குப் பயன்படக்கூடிய ஒன்றைச் சேர்க்கிறேன். ஒரே பதக்கம் இரண்டாம் முறை கிடைத்தால் அமெரிக்காவில் இன்னொரு பதக்கம் அணிவதில்லை; இருக்கும் ரிப்பனின் மேல் ஒரு சின்னம் குத்துவார்கள். தரைப்படையும் வான்படையும் அதற்கு வெண்கல ஓக் இலைக் கொத்தைப் பயன்படுத்துகின்றன. கடற்படையும் மரைனும் கடலோரக் காவல்படையும் பொன்னிற நட்சத்திரத்தைப் பயன்படுத்துகின்றன. ஐந்து சேர்ந்தால் இரண்டு முறையிலும் அவற்றுக்குப் பதிலாக ஒரு வெள்ளிச் சின்னம். கூட்டுப்படைத் தலைமையகங்கள் கொடுக்கும் பதக்கங்களில் மட்டும், கடற்படைக்காரராக இருந்தாலும் ஓக் இலைதான்.

நன்னடத்தைப் பதக்கத்தில் இன்னும் வேறு. தரைப்படையில் முடிச்சுப் போட்ட சிறு பட்டை. எத்தனையாவது முறை என்பதைப் பட்டையின் நிறத்தையும் முடிச்சுகளின் எண்ணிக்கையையும் பார்த்தே சொல்லிவிடலாம். கடற்படையில் அதற்கு வெண்கல நட்சத்திரம். கடற்படையின் நன்னடத்தைப் பதக்கம் 1869இல் தொடங்கியது, தரைப்படையுடையது 1941இல்தான் வந்தது. ஒரே குணத்துக்கான பதக்கம் தனித்தனிக் காலங்களில் தனித்தனியாக வளர்ந்தால் சின்னங்களும் இப்படித்தான் பிரிந்து நிற்கும்.

‘வி’ எழுத்தைப் பற்றி பூர்டா நிகழ்ச்சியில் பேசினீர்கள். அந்த ஓர் எழுத்து படைக்குப் படை வெவ்வேறு பொருளில் கையாளப்பட்டு வந்தது. ஓரிடத்தில் வீரச் செயலைக் குறித்தது, இன்னோரிடத்தில் போர்ச் சூழலில் பணியாற்றியதையே குறித்தது. 2016இல் பாதுகாப்புத் துறை அதை ஒழுங்குபடுத்தி, ‘வி’ என்பது வீரத்துக்கு மட்டும், போர்ச் சூழலில் நேரடியாக ஆபத்தை எதிர்கொண்ட பணிக்கு ‘சி’, தொலைவிலிருந்தே போரில் நேரடித் தாக்கம் ஏற்படுத்தியதற்கு ‘ஆர்’ என்று மூன்றாகப் பிரித்தது. எனக்குத் தெரிந்து, படைகளுக்கிடையே இருந்த குழப்பத்தைக் குறைக்க அண்மைக் காலத்தில் எடுத்த நடவடிக்கைகளில் பயன் மிகுந்தது இதுதான்.

டல்லாஸ் அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. படித்ததை வைத்து மேசையில் அடுக்கிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் மூன்று மூன்றாக வைத்தால், உச்சியில் தனியாகக் கடற்படை-மரைன் பாராட்டுப் பதக்கம். நடு வரிசையில் தரைப்படைச் சாதனைப் பதக்கம், கடற்படை நன்னடத்தைப் பதக்கம், தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம். கீழ் வரிசையில் பயங்கரவாதத்துக்கு எதிரான போருக்கான சேவைப் பதக்கம், தரைப்படைச் சேவை ரிப்பன், கடற்பயணப் பணி ரிப்பன். வலப்பக்கத்தில் கடற்படைப் பிரிவுப் பாராட்டு மட்டும். இது சரியா? இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. விருந்துக்கு ரிப்பனுக்குப் பதிலாக முழுப் பதக்கங்களை அணியச் சொன்னால், பதக்கமே இல்லாமல் ரிப்பனாக மட்டும் இருக்கும் இரண்டையும் என்ன செய்வது? மாநில அரசு கொடுக்கும் ரிப்பன் ஏதாவது நாளை கிடைத்தால் அதன் இடம் எது?

எஸ்-ஒன் மேசை எழுதியது:

அடுக்கு சரியாக இருக்கிறது ஐயா. மூன்றாக அல்லாமல் நான்காக வைக்க விரும்பினால் மேலே மூன்று, கீழே நான்கு என்று இரண்டே வரிசையில் முடித்துவிடலாம். விதி இரண்டையும் அனுமதிக்கிறது, உங்கள் மகளின் கோட்டுக்கு எது பாந்தமாக இருக்கிறதோ அதை வையுங்கள். மேல் வரிசையைக் கீழ் வரிசையின் நடுவே நிறுத்தலாம்.

முழுப் பதக்கங்கள் அணியும்போது இரு படைகளும் பிரிந்துவிடுகின்றன. கடற்படையில் என்றால், பதக்கமில்லாத ரிப்பன்களை வலப்பக்க மார்புக்கு மாற்றிவிடுவார்கள்; உங்கள் மகளுக்கு அந்தப் பழக்கம்தான் இருக்கும். தரைப்படையில் முழுப் பதக்கங்களோடு சேவை ரிப்பன்களையும் பயிற்சி ரிப்பன்களையும் அணிவதில்லை. ஆகவே தரைப்படைச் சேவை ரிப்பனும் கடற்பயணப் பணி ரிப்பனும் அன்று இருக்காது. இடப்பக்கம் ஐந்து பதக்கங்கள் தொங்கும். வலப்பக்கத்தில் பிரிவுப் பாராட்டு வழக்கம்போல இருக்கலாம். பழக்க தோஷத்தில் கடற்பயணப் பணி ரிப்பனையும் அவர் வலப்பக்கம் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாநில விருது எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், கூட்டாட்சி அரசின் விருதுகள் எல்லாம் முடிந்து, வெளிநாட்டு விருதுகளும் ஐக்கிய நாடுகள் அவை, நேட்டோ போன்றவற்றின் பதக்கங்களும் முடிந்தபின், கடைசியில்தான் வரும். டெக்சாஸ் கொடுக்கும் ரிப்பன் எதுவானாலும் அவருடைய கடற்பயணப் பணி ரிப்பனுக்கு அடுத்த இடம்.

ஒன்று மீதி. கடையில் ரிப்பன் வாங்குவதற்கு முன், கடற்படை விருதுகள் எல்லாம் அவருடைய தரைப்படைக் கோப்பில் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிடி 214இல் இருப்பது தானாக இங்கே வந்து சேர்ந்துவிடும் என்று நம்பி இருந்துவிட்டு, பதவி உயர்வுக் குழுவுக்குக் கோப்பு போகும் நேரத்தில் அலைகிறவர்கள் மிகுதி. கடற்பயணப் பணி ரிப்பனில் உள்ள வெண்கல நட்சத்திரம் அந்த ஆவணத்தில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இருந்தால் நட்சத்திரத்தின் ஒரு முனை மேல்நோக்கி நிற்கும்படி ரிப்பனின் நடுவில் குத்தலாம். இல்லாவிட்டால் ஆவணத்தைத் திருத்தும்வரை நட்சத்திரம் இல்லாமலேயே அணியட்டும்.